அம்மணியின் தறியும் அப்பாவின் கோபமும்

போன மார்கழியில் அப்பா சென்னிமலையிலிருந்து அகமதாபாத் வந்தார். ரயிலை விட்டு இறங்கி, மணிநகர் வீட்டுக்கு வந்து, காப்பி குடித்து முடிக்கும் வரைக்கும் எல்லாம் நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பினார். அங்கே பெரியவள் (பதினொரு வயது) மரச்சட்டத் தறி முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து, நாக்கைக் கடித்துக்கொண்டு ஊடை ஓட்டிக்கொண்டிருந்தாள்.

"ஏன்டா, இதுக்காடா உன்னைய இஞ்சினீருக்குப் படிக்க வெச்சேன்?"

அவ்வளவுதான். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பால்கனிக்குப் போய்விட்டார். தங்கமணி என்னைப் பார்த்தாள். நான் தறியைப் பார்த்தேன். பெரியவள் மட்டும் எதுவும் காதில் விழாமல் அடுத்த வரிசைக்குப் போய்விட்டாள்.

கொஞ்சம் முன்கதை. சென்னிமலை என்றால் முருகன் கோயிலும் பெட்ஷீட்டும் உங்களுக்கு ஞாபகம் வரும். எங்கள் தாத்தா குழித்தறியில் உட்கார்ந்தே காலத்தை ஓட்டியவர். அப்பா இருபத்தெட்டு வயது வரை நெய்தார், அப்புறம் கூட்டுறவு சொசைட்டியில் கணக்கு எழுதப் போனார். என்னைத் தறிப் பக்கமே விடவில்லை. தார் சுற்றக்கூட விடமாட்டார். தெருப் பையன்களெல்லாம் ராட்டை முன்னால் உட்கார்ந்திருக்கும்போது நான் மட்டும் திண்ணையில் கணக்குப் போட்டுக்கொண்டிருப்பேன். பொறாமையாகக்கூட இருக்கும். ராட்டை சுற்றுகிறவனுக்கு ஹோம்வொர்க் இல்லையே! அப்படிப் படித்துத்தான் இங்கே ஒரு மருந்துக் கம்பெனியில் இயந்திரங்களைக் கட்டி மேய்க்கிறேன்.

அதன் விளைவு, மூன்று தலைமுறை நெசவுக்காரன் வீட்டுப் பையன், யூட்யூபில் யாரோ ஒரு வெளிநாட்டு அம்மா சொல்லிக்கொடுத்துத்தான் பாவு போடக் கற்றுக்கொண்டான். சிரிக்காதீர்கள்.

பிள்ளைகள் இருவரும் பள்ளிக்கூடம் போவதில்லை. பெரியவள் ஒன்றாம் வகுப்பில் இருந்தபோது 2020 ஊரடங்கு வந்தது. வீட்டில் உட்கார்ந்து படித்தவளை அப்புறம் திருப்பி அனுப்ப எங்களுக்கு மனசு வரவில்லை. அவளுக்கும் போக மனசில்லை. சின்னவன் (ஏழு வயது) பள்ளிக்கூட வாசலையே பார்த்ததில்லை. இது சரியா தப்பா என்ற ஜல்லியை இன்னொரு நாள் வைத்துக்கொள்வோம். சட்டம் இப்படிப் படிப்பதைப் பற்றி நேராக எதுவும் சொல்லவில்லை. பதினாலு வயசு முடிந்ததும் என்.ஐ.ஓ.எஸ். வழியாகப் பத்தாம் வகுப்புப் பரிட்சை எழுதலாம் என்பது மட்டும் எங்கள் வீட்டில் தினமும் ஓதப்படும் மந்திரம்.

நெசவுக்கு வருவோம். வீட்டில் பிள்ளைகளை வைத்துப் படிப்பிக்கிறவர்கள் நிறையப் பேர் இப்போது இதை ஆரம்பித்திருக்கிறார்கள். ஆன்லைனில் இரண்டாயிரம் மூவாயிரம் கொடுத்துத் தறிப் பெட்டி வாங்குகிறார்கள். உள்ளே பளபளவென்று அக்ரிலிக் நூல். பிள்ளை ஒரு வாரம் உட்கார்ந்து சுவரில் மாட்டுகிற மாதிரி ஏதோ ஒன்று செய்யும். அதைப் போட்டோ எடுத்துப் போடுவார்கள். அதோடு பெட்டி பரணுக்குப் போய்விடும். நானும் இதைத்தான் செய்தேன், ஆகவே திட்டுகிற உரிமை எனக்கு உண்டு. :)

தறியில் தொடங்கியதுதான் தப்பு. முதலில் கயிறு முறுக்கச் சொல்லியிருக்க வேண்டும். நாலு முழம் நூலை எடுத்து ஆளுக்கு ஒரு முனை பிடித்து எதிரெதிர்ப் பக்கமாக முறுக்கச் சொல்லுங்கள். நன்றாக முறுக்கேறியதும் நடுவில் மடித்து இரண்டு முனையையும் சேர்த்துப் பிடித்தால், நூல் தானாகவே சுழன்று ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். சின்னவன் இதைப் பார்த்துவிட்டு, "அப்பா, இதுக்கு உயிர் இருக்கா?" என்று கேட்டான். பஞ்சு எப்படி நூலாகிறது, நூல் ஏன் பிரிந்து போவதில்லை என்பதற்கு அதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரிந்து இல்லை. செலவு பூஜ்யம்.

அப்புறம் தக்கிளி. உங்களில் ஐம்பது தாண்டியவர்கள் சிலராவது கைத்தொழில் வகுப்பில் தக்கிளி சுற்றியிருப்பீர்கள். பஞ்சு இழை குட்டை, குழந்தைக் கைக்கு அடங்காது, அறுந்துகொண்டே இருக்கும். கட்ச் பக்கத்து நாட்டுக் கம்பளி கிடைத்தது, அதில் இழுத்தால் ஓரளவு வருகிறது. கம்பளியில் கை பழகிய பிறகு பஞ்சுக்கு வந்தோம்.

மூன்றாவதுதான் அட்டை. பழைய அட்டைப் பெட்டியின் ஓரத்தில் அரை சென்டிமீட்டருக்கு ஒரு வெட்டு வெட்டி நூலைச் சுற்றினால் தறி ரெடி. வட்ட அட்டையிலும் செய்யலாம். பெரியவள் முதலில் வட்டத்தில் 12 ஆரம் கட்டி மேலே கீழே என்று ஓட்டினாள். ஒரு சுற்று முடிந்து அடுத்த சுற்று வந்தால், போன தடவை மேலே போன இடத்திலேயே மறுபடி மேலே. எத்தனை சுற்று போனாலும் அதே கதை, துணியாகவே ஆகவில்லை. நான் வாயைத் திறக்கவில்லை. (உண்மையில் எனக்கே விடை தெரியவில்லை.) அரை நாள் கழித்து அவளே ஒரு ஆரம் கூட்டி 13 ஆக்கினாள். சரியாக வந்தது! ஒற்றைப்படை இரட்டைப்படை என்பது புத்தகத்தில் இரண்டு பக்கம். இங்கே அரை நாள் முழி பிதுங்கல். எது நினைவில் நிற்கும் என்று நீங்களே சொல்லுங்கள்.

இந்த வருஷம் சட்டத் தறிக்கு வந்து ஒரு துண்டு நெய்வதாக முடிவு. நாற்பது சென்டிமீட்டர் அகலம், சென்டிமீட்டருக்கு 6 இழை, ஆக 240 இழை. நீளம் ஒன்றேகால் மீட்டர். பெருக்கினால் பாவுக்கு 300 மீட்டர் நூல் என்று கணக்குப் போட்டுப் பாவு போட்டாள். தறியின் இரண்டு முனையிலும் கட்டுவதற்கும், கடைசியில் நெய்ய முடியாமல் நிற்கிற பகுதிக்கும் அரை மீட்டர் கூடுதலாக வேண்டும் என்பது அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. 420 மீட்டர் போட்டிருக்க வேண்டும். துண்டு முக்கால் மீட்டரில் நின்றுவிட்டது. ஒரு மணி நேரம் அழுதாள். அப்புறம் 420 மீட்டர் போட்டு மறுபடி ஆரம்பித்தாள். அப்பா வந்து பார்த்தது இந்த இரண்டாவது பாவைத்தான்.

நெசவில் எனக்குப் பிடித்தது இதுதான். மற்ற கைவேலைகளில் தப்பு அப்போதே தெரிந்துவிடும். இதில் பத்து வரிசை கழித்துத்தான் கண்ணில் படும். பிரித்துக்கொண்டே பின்னால் போய்ச் சரி செய்யலாம், ஆனால் பத்து வரிசையையும் திரும்ப நெய்ய வேண்டும். செய்வதா, அப்படியே விட்டுவிடுவதா என்று பிள்ளைதான் முடிவு செய்ய வேண்டும். நாம் பக்கத்தில் உட்கார்ந்து வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். இரண்டாவதுதான் கஷ்டம்.

இன்னொரு லாபம், சத்தியமாக நான் எதிர்பார்க்காதது. என் பிள்ளைகள் பேசும் தமிழில் பாதிக்கு மேல் குஜராத்தி. ஆனால் பாவு, ஊடை, தார், நாடா, விழுது என்று தறிச் சொற்கள் எல்லாம் தமிழில்தான் வருகின்றன. கீழ்வீட்டு ஆன்ட்டி 'தாணா-வாணா' என்று சொல்லிக்கொடுத்தபோது, "அது பாவு-ஊடை ஆன்ட்டி" என்று சின்னவன் திருத்தினானாம்.

இனி அப்பாவின் கோபம். அன்று ராத்திரி சாப்பாடெல்லாம் முடிந்து அவரே பேச ஆரம்பித்தார். 1953-ல் அவருக்கு ஏழு வயது. ராஜாஜி முதலமைச்சர். கிராமத்து ஆரம்பப் பள்ளிகளில் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் ஒரு வேளை, மூன்று மணி நேரம்தான், மீதி நேரம் வீட்டுத் தொழிலைக் கற்றுக்கொள்ளட்டும் என்று திட்டம் வந்தது. குலக்கல்வித் திட்டம் என்று பெயர் வாங்கி, பெரியாரும் தி.மு.க.வும் எதிர்த்துப் போராடி, 1954-ல் காமராஜர் வந்த பிறகு கைவிட்டார்கள். நமக்கு இது பாடப் புத்தகத்தில் நாலு வரி. அப்பாவுக்கு அது ஒரு வருஷம் தார் சுற்றியது.

"எங்கப்பனுக்கு சந்தோசம்டா. கூலியில்லாத ஆளு கெடைச்சுட்டான். நான் மத்தியானம் வந்து ராட்டையில உக்காந்தா இருட்டுற வரைக்கும் எந்திரிக்க முடியாது. திட்டம் போயிருச்சு, ஆனா எங்கப்பன் விடல. பழகிட்டாரு பாரு."

இதற்கு நான் என்ன பதில் சொல்ல முடியும்? 'அப்பா, இது மோட்டார் ஸ்கில் டெவலப்மென்ட்' என்றா?

நான் யோசித்துப் பார்த்தேன். கைத்தொழில் வழியாகப் படிப்பு என்பது நல்ல யோசனைதான். 1937-ல் வார்தாவில் காந்தி கூட்டிய மாநாட்டில் ஆதாரக் கல்வி உருவானபோது நூற்பும் நெசவும்தான் அதன் நடுவில் நின்றன. அதே ஆதாரக் கல்வியில், பிள்ளைகள் செய்யும் பொருளை விற்று வாத்தியார் சம்பளத்தைக் கொடுக்கலாம் என்ற எண்ணமும் இருந்தது. எனக்கு இடிப்பது அங்கேதான். பிள்ளையின் கை வேலைக்கு வெளியே ஒரு வயிறு காத்திருந்தால், அந்த வேலை பாடமாக இருக்க முடியாது. தாத்தாவின் ராட்டையும் அதுதான். 2016-ல் திருத்திய குழந்தைத் தொழிலாளர் சட்டம்கூட, ஆபத்தில்லாத குடும்பத் தொழிலில் பள்ளி நேரம் போக மற்ற நேரத்தில் பிள்ளைகள் உதவலாம் என்று கதவைத் திறந்துதான் வைத்திருக்கிறது. உதவி எங்கே முடிகிறது, கூலியில்லா வேலை எங்கே தொடங்குகிறது என்று எந்த இன்ஸ்பெக்டர் வந்து பார்ப்பார்?

என் மகள் தறியில் உட்காருவதும் ஒரு நெசவாளியின் மகள் உட்காருவதும் ஒன்றல்ல. இவள் நாளைக்கே எழுந்து போய் ஸ்கேட்டிங் கற்றுக்கொள்ளலாம், வீட்டில் அடுப்பு எரியும். அவளால் அப்படிப் போக முடியாது. இந்த வித்தியாசத்தைப் பேசாமல் 'மனசை ஒருமுகப்படுத்தும் நெசவு' என்று நாம் உருகுவது எனக்குக் கூச்சமாக இருக்கிறது. அதிலும் போன வருஷம் எங்கள் பெற்றோர் வட்டத்தில் ஒரு கூத்து நடந்தது. களிமண் வகுப்பு எடுக்க வந்த, ஆங்கிலம் பேசும் பெண்ணுக்கு மணிக்கு 1,500 ரூபாய், யாரும் மூச்சு விடவில்லை. நெசவு சொல்லித்தர ஒருவரைக் கூப்பிட்டோம். நாற்பது வருஷம் தறியில் இருந்த மனிதர். மணிக்கு 800 கேட்டார். "நெசவாளிக்கு எண்ணூறா? அவங்க ஒரு நாள் கூலியே அவ்வளவு வராதே" என்று ஒருத்தர் பேரம் பேச, 500-க்கு முடித்தார்கள். வராது என்பது தெரிந்துதான் பேசுகிறார்கள்! நானும் அந்த அறையில்தான் இருந்தேன். வாயைத் திறக்கவில்லை. அது இன்னும் உறுத்துகிறது.

2019-20 கைத்தறிக் கணக்கெடுப்பில் நாடு முழுக்க 35 லட்சம் பேர் நெசவையும் அது சார்ந்த வேலைகளையும் நம்பியிருந்தார்கள். நெசவாளர் குடும்பங்களில் மூன்றில் இரண்டு பங்கு மாதம் 5,000 ரூபாய்க்கும் கீழே. பத்து வருஷம் முன்னால் எடுத்த கணக்கில் 43 லட்சம் பேர் இருந்தார்கள். எட்டு லட்சம் பேர் ஏன் எழுந்து போனார்கள் என்று கேட்டால் என் அப்பா பதில் சொல்வார்.

அப்பாவை ஒரு வாரம் சும்மா விட்டுவிட்டு, கட்ச் பக்கம் கூட்டிப் போனேன். புஜ் பக்கத்தில் புஜோடி என்று ஒரு ஊர், வண்கர் என்ற நெசவுச் சமூகத்தினர் வாழும் ஊர். கட்ச் சால்வைக்குப் பேர் போனது. அந்தக் காலத்தில் ஆடு மேய்க்கும் ரபாரிகள் கம்பளி கொடுப்பார்கள், இவர்கள் நெய்து கொடுப்பார்கள். ஒரு பாய் வீட்டுக்குப் போனோம். (நம்ம ஊர் பாய் இல்லை, இங்கே அண்ணன் தம்பி எல்லோரும் பாய்தான்.) தரையோடு தரையாகக் குழித்தறி. அப்பா வாசலிலேயே நின்றுவிட்டார்.

அப்புறம் கிட்டே போய்ப் பாவை இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்தார். மூக்கில் வைத்து மோந்தார். "இதென்ன கஞ்சி, நம்மூருது இல்லியே?" என்றார். கேட்டுச் சொன்னேன். கோதுமை மாவு. "பரவால்ல, நல்லாத்தான் ஏறியிருக்குது." அந்தப் பெரியவருக்குத் தமிழ் தெரியாது, அப்பாவுக்கு குஜராத்தி தெரியாது. என்னை ஓரங்கட்டிவிட்டு இரண்டு பேரும் கையாலேயே அரை மணி நேரம் பேசினார்கள். பூ வேலைக்கு ஊடையோடு ஊடையாகக் கூடுதல் நூலைக் கையால் செருகுவதை அப்பா வாய் பிளந்து பார்த்தார். நம் பெட்ஷீட்டுக்கு அந்த வேலையெல்லாம் அட்டை வைத்த ஜக்கார்டு பார்த்துக்கொள்ளும்.

கடைசியாக என்னைக் கூப்பிட்டு, "பையன் என்ன படிக்கிறான்னு கேளு" என்றார். பையன் காலேஜ் முடித்து, கைவினைஞர்களுக்கென்றே இருக்கும் டிசைன் பள்ளியிலும் படித்துவிட்டு, இப்போது இதே தறியில்தான் இருக்கிறானாம். ஆர்டரெல்லாம் போனில் அவனே பிடிக்கிறான், விலையும் அவனே சொல்கிறான். அப்பா எதுவும் சொல்லவில்லை. திரும்பி வருகிற வழியில் சாமகியாலி தாண்டி எங்கேயோ வைத்து, "வெலைய அவனே சொல்றானாமா?" என்று ஒரு தடவை கேட்டார். ஆமாம் என்றேன். அதோடு சரி.

அடுத்து நடந்தது பெரியவளின் கலாட்டா. பொங்கல் சமயத்தில் எங்கள் வட்டத்துப் பிள்ளைகள் செய்த பொருட்களை விற்க ஒரு ஸ்டால் போட ஏற்பாடு. 'பிள்ளைகளுக்கு வியாபாரம் பழகும்' என்றார்கள். நான் முடியாது என்றேன், மேலே சொன்ன வயிற்றுத் தத்துவத்தை எல்லாம் அவளிடம் அவிழ்த்துவிட்டேன். "நான் நெய்ததை நான் விற்கக் கூடாதாப்பா?" என்று கண்ணில் தண்ணியோடு நிற்கிறாள். நியாயமான கேள்விதான், என்னிடம் உடனே பதில் இல்லை.

அப்பாதான் கூப்பிட்டார். "அம்மணி, இங்க வா. எவ்வளவுக்கு விக்கப் போற?"

"முந்நூறு ரூபாய் தாத்தா."

"நூலு எவ்வளவு?"

"எண்பது."

"எத்தன நேரம் உக்காந்த?"

அவள் நோட்டில் எழுதி வைத்திருந்தாள். பாவு போட்டது, விழுதில் கோத்தது, நெய்தது எல்லாம் சேர்த்து 22 மணி நேரம்.

"முந்நூறுல எம்பது போனா எரநூத்தி இருவது. இருவத்திரெண்டால வகு."

"பத்து."

"பத்து ரூவா. ஒரு மணி நேரத்துக்கு உன்ற கூலி அதான்."

பெரியவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. "தாத்தா, நீங்க நெய்தப்பவும் இப்படித்தானா?" என்றாள். அப்பா சிரித்துவிட்டு, "நான் உன்னைய விட வேகம்" என்றார்.

துண்டு ஸ்டாலுக்குப் போகவில்லை. அவளே வேண்டாம் என்று விட்டாள். அதை இப்போது அப்பாதான் தோளில் போட்டுக்கொண்டிருக்கிறார். விற்பதைப் பற்றி நான் கொஞ்சம் இறங்கி வந்திருக்கிறேன். பிள்ளை தானாகக் கேட்டால், இந்தக் கணக்கைப் போட்ட பிறகு விற்கட்டும். நாம் ஸ்டால் போட்டுத் தள்ளிவிட வேண்டாம். அதே கணக்கை நாம் நெசவுத் துணி வாங்கும்போதும் போட்டுப் பார்த்தால், பேரம் பேச வாய் வருமா என்று தெரியவில்லை. இனி எங்கள் வட்டத்தில் நெசவு வகுப்பு என்றால் களிமண்ணுக்குக் கொடுத்த அதே பணம்தான் என்று இந்த முறை வாயைத் திறந்து சொல்லிவிட்டேன். இரண்டு பேர் முகம் சுளித்தார்கள், ஏழு பேர் சரி என்றார்கள்.

காந்திக்கே நெசவு தெரியாது என்பது ஞாபகம் வருகிறது. 1909-ல் இந்து சுயராஜ்யம் எழுதியபோது ராட்டையையோ தறியையோ பார்த்த நினைவில்லை என்று அவரே எழுதியிருக்கிறார். 1915-ல் இதே அகமதாபாத்தில் ஆசிரமம் தொடங்கித் தறியை வாங்கிப் போட்டபோது, சொல்லிக்கொடுக்க வெளியிலிருந்துதான் ஆள் வர வேண்டியிருந்தது. ராட்டையை கங்காபென் என்ற அம்மாள் விஜாப்பூரில் தேடிக் கண்டுபிடித்துத் தந்தார். பின்னாளில் வந்த அம்பர் ராட்டை நம்ம ஊர் ஏகாம்பரநாதன் செய்தது, அந்த 'அம்பர்' அவர் பெயர்தான். எனக்கு வெளியிலிருந்து ஆள் தேட வேண்டியதே இல்லை. ஆள் பால்கனியில் துண்டோடு உட்கார்ந்திருந்தார். கேட்கத்தான் எனக்குத் தைரியம் இருக்கவில்லை.

ஊருக்குக் கிளம்புவதற்கு முதல் நாள் அப்பா தறி முன்னால் உட்கார்ந்தார். முட்டி வலி, பத்து நிமிஷம்தான். பெரியவளின் துணியில் ஓரம் இரண்டும் உள்ளே இழுத்துக்கொண்டு இடுப்பு மாதிரி வளைந்து போயிருந்தது. "ஊடைய நேரா இழுக்காத கண்ணு. வில்லு மாதிரி வளைச்சு விட்டு அப்புறம் அடி" என்று இரண்டு வரிசை காட்டினார். யூட்யூப் அம்மாவும் இதைத்தான் சொல்லியிருந்தார், என்னவோ எங்களுக்கு ஏறவில்லை.

இப்போது ஞாயிறு தோறும் போன் வருகிறது. முதலில் பேத்தியிடம், "ஓரம் நேரா வருதா?" அப்புறம் என்னிடம், "பத்தாவது பரிச்சைக்கு எப்பக் கட்டணும் பணம்?" இன்னும் மூணு வருஷம் இருக்குப்பா என்றால், "இருக்கட்டும், நெனப்பு வெச்சுக்கோ" என்று வைத்துவிடுகிறார்.

பி.கு.: வட்ட அட்டையில் ஆரம்பிப்பவர்கள் ஆரத்தை ஒற்றைப்படையில் வையுங்கள். இல்லை, வேண்டாம், சொல்லாதீர்கள். 12-லேயே கட்டட்டும்.